"ஆமா சிஸ்டர்" என்று தலையாட்டுவதற்கு முன்: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு மாத்திரைச் சீட்டையும் கொண்டு வருவார்கள். அ, ஆ முடிந்ததும் சர்க்கரை, பிரஷர் ஆரம்பமாகிவிடும். நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் கேள்வி வேறு மாதிரி இருக்கும். இரண்டு தரப்புக் கேள்விகளையும் இங்கே கலந்தே எழுதியிருக்கிறேன். தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. நோயாளியின் மகள் கேட்பதும் முதலாண்டு மாணவி கேட்பதும் பல சமயம் ஒன்றாகவே இருந்தன.

கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் (நோயாளியின் நிலையைக் கணித்து முடிவெடுப்பது) என்று வகுப்பில் சொல்கிறார்கள். முடிவெடுப்பது டாக்டர்தானே? நர்ஸுக்கு அதில் என்ன வேலை?

டாக்டர் வரும் வரை நோயாளி யார் கையில் இருக்கிறார்?

ஒரு சனிக்கிழமை இரவு, அவசரப் பிரிவு. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா மருமகளோடு வந்தார். "கேஸ்தான் சிஸ்டர். மத்தியானம் பீன்ஸ் கறி சாப்பிட்டேன். ஏதாவது குடிக்கக் குடுத்தா சரியாயிடும்." நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆனால் நெற்றியில் வியர்வை. ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தும் அது காயவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. சர்க்கரை எத்தனை வருஷமாக என்றேன். பதினைந்து என்றார் மருமகள்.

தென்னாப்பிரிக்காவில் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களை நிறம் வைத்துப் பிரிப்போம். சிவப்பு என்றால் உடனே. ஆரஞ்சு 10 நிமிடத்துக்குள். மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள். பச்சை நான்கு மணி நேரம் காத்திருக்கலாம். நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், காய்ச்சல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் அந்த அம்மா மஞ்சள்தான். நெஞ்சு வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆரஞ்சு, அவர் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை நாள்பட்டவர்களுக்கு நரம்பு மரத்துப்போய், மாரடைப்பே வலியில்லாமல் வரலாம். அனுபவமுள்ளவர் நிறத்தை உயர்த்துவதற்கு அந்த முறையிலேயே இடம் உண்டு. உயர்த்தினேன். ஈ.சி.ஜி. எடுத்தோம். கேஸ் இல்லை.

அமெரிக்காவில் நர்ஸிங் பேராசிரியராக இருந்த கிறிஸ்டீன் டேனர் 2006இல் இந்தக் கணிப்பை நான்கு படிகளாக விளக்கினார். கவனிப்பது, கவனித்ததற்கு அர்த்தம் காண்பது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது. மாணவிகள் இரண்டாவது படிதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள், புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். நான் பார்த்தவரை பலர் சறுக்குவது முதல் படியில். வியர்வை காயவில்லை என்பதைப் பார்க்காதவருக்கு மற்ற மூன்றும் எதற்கு?

எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஆனால் ஏதோ சரியில்லை என்று மனசு சொல்கிறது. டாக்டரை எழுப்பினால் திட்டுவார். என்ன செய்வது?

முதலில் அந்த எண்கள் உண்மையா என்று பாருங்கள். குறிப்பாக மூச்சு எண்ணிக்கை. எந்த வார்டுக்குப் போனாலும் சார்ட்டில் எல்லாருக்கும் 20 என்று இருக்கும், தூங்குகிறவருக்கும் 20, இருமுகிறவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். உடம்பு சரிய ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது மூச்சுதான். ரத்த அழுத்தம் கடைசி வரை தாக்குப்பிடித்துவிட்டு, அப்புறம் ஒரேயடியாகக் கீழே விழும்.

எண்ணிவிட்டீர்கள், 28 வருகிறது. இப்போது கூப்பிடுங்கள். "டாக்டர், ஆறாவது கட்டில் பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கிறார்" என்றால் திட்டத்தான் செய்வார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நான் ஆறாவது வார்டு சிஸ்டர். நேற்றுக் குடல் ஆபரேஷன் ஆனவர், வயது 58. சாயங்காலம் மூச்சு 18 இருந்தது, இப்போது 28. ரத்த அழுத்தம் மாறவில்லை, ஆனால் நாலு மணி நேரத்தில் சிறுநீர் மிகக் குறைவு. கிருமி ரத்தத்தில் பரவுகிறதோ என்று பயப்படுகிறேன். அரை மணி நேரத்துக்குள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்." யார், என்ன, முன்கதை, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும். கடைசிப் பகுதியைத்தான் நம் பெண்கள் விழுங்கிவிடுவார்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமல், "சும்மா சொல்லலாமேன்னு கூப்பிட்டேன் டாக்டர்" என்று முடிப்பார்கள். அவரும் போர்வையை இழுத்துக்கொள்வார்.

கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்ன பதிலையும் எழுதி வையுங்கள். வரவில்லையா, அடுத்த மேலதிகாரியைக் கூப்பிடுங்கள். அவர் முகம் சுளிப்பது உங்கள் கவலை இல்லை.

பாட்டி ஆஸ்பத்திரியில் யாருக்கும் புரியாமல் உளறுகிறார் என்கிறார்கள். வீட்டில் நன்றாகத்தானே பேசினார்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

1860இல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்ததிலிருந்து கணக்கிட்டால் நாம் இங்கே எத்தனையோ தலைமுறையைப் பார்த்துவிட்டோம். இன்று டர்பனைச் சுற்றி நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம்தான். ஆனால் எண்பது வயது ஆயாவுக்குச் சின்ன வயதில் முதலில் வாயில் வந்தது தமிழ். பக்கவாதம் வந்தாலோ, மறதி நோய் முற்றினாலோ, பின்னால் படித்த ஆங்கிலம் முதலில் கழன்றுபோய், அடியில் கிடந்த மொழி மேலே வருவதுண்டு. பேரப்பிள்ளைகளுக்கே அது புரியாது. அப்புறம் வார்டுக்கு எப்படிப் புரியும்?

தலையில் அடிபட்டவர்களின் நினைவு நிலையை அளக்க கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒன்று உண்டு, மொத்தம் 15. பேச்சுக்கு மட்டும் 5. தெளிவாகப் பேசினால் 5, குழம்பிப் பேசினால் 4, வெறும் சத்தம் என்றால் 2. ஒரு முறை ஓர் ஆயாவுக்கு 2 போட்டிருந்தார்கள். நான் டியூட்டி மாறி உள்ளே போனபோது அவர் சொன்னது: "கால் குளிருது, யாராச்சும் போத்திவிடுங்களேன்." முழு வாக்கியம், எழுவாய் பயனிலையோடு! எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில். நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்றார். 5 போட்டேன். அந்த மூன்று மதிப்பெண்ணை நம்பி அவரை இன்னொரு ஸ்கேனுக்கு அனுப்பத் தயாராக இருந்தார்கள்.

ஆகவே குடும்பத்துக்கு: பாட்டி எந்த மொழிக்குத் திரும்புவார் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லுங்கள். வலி, தண்ணீர், குளிர், மூத்திரம், மூச்சு முட்டுது, இந்த ஐந்தாறு சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். நர்ஸுகளுக்கு: புரியவில்லை என்றால் "புரியவில்லை, வேறு மொழியாக இருக்கலாம்" என்று எழுதுங்கள். நமக்குப் புரியாததெல்லாம் குழப்பம் ஆகாது.

பன்னிரண்டு வயதுப் பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

தண்ணீர் வேண்டுமா, படுக்கையை உயர்த்தட்டுமா என்பதற்குச் சரி. நோய் என்ன, ஆபரேஷன் வேண்டுமா, கடைசியாக எப்போது ரத்தம் போனது என்பதற்குக் கூடாது. குழந்தை மேல் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. தவிர, தாத்தா பேத்தி முன்னால் உண்மையைச் சொல்லவும் மாட்டார். கூட்டிப் பெருக்குகிற அம்மாவைப் பிடித்து ஜூலு மொழிக்கு மொழிபெயர்க்கச் சொல்வதும் இங்கே வழக்கம், நானும் செய்திருக்கிறேன். நோயாளியின் ரகசியம் அதே டாக்ஸியில் வீட்டுக்குப் போகும் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

அம்மாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். நர்ஸ் சம்மதிக்கவில்லை. நாங்கள் பிள்ளைகள், எங்களுக்கு உரிமை இல்லையா?

அன்பு உங்களுடையது, உடம்பு அவருடையது. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் நோயாளிக்கே தன் நிலை, என்னென்ன சிகிச்சை உண்டு, அதன் பலன், ஆபத்து, செலவு, மறுக்கும் உரிமை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்கிறது. முடிந்தவரை அவருக்குப் புரிகிற மொழியில், அவர் படிப்புக்கு ஏற்றபடி. சொன்னால் அவருக்கே தீங்கு என்பதற்கு வலுவான ஆதாரம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. "அம்மா தாங்க மாட்டாங்க" என்பது ஆதாரம் இல்லை. அது பிள்ளைகளின் பயம்.

ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் கேட்டே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நான் செய்வது இது: பிள்ளைகளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பேன். அப்புறம், "ரிப்போர்ட் வந்தா உங்ககிட்ட சொல்லட்டுமா, மூத்தவர்கிட்ட சொன்னா போதுமா?" சிலர் "மகன்கிட்ட சொல்லும்மா, எனக்கு எதுக்கு" என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவு. எழுதி வைத்துக்கொள்வேன். பலர் என்ன சொல்வார்கள் தெரியுமா? "எனக்குத் தெரியும்மா. பிள்ளைங்க பயப்படுவாங்கன்னு நான்தான் வாயைத் திறக்கல." ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் ஒரே ரகசியத்தைக் காவல் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா நினைவில்லாமல் கிடக்கிறார். கையெழுத்துப் போட வேண்டியது மூத்த மகன்தானே?

நம் வீட்டு வழக்கப்படி ஆமாம், சட்டப்படி இல்லை. அப்பா முன்பே எழுத்தில் யாரையாவது நியமித்திருந்தால் அவர், அல்லது சட்டமோ நீதிமன்றமோ அதிகாரம் கொடுத்தவர். இல்லையென்றால் வரிசை இது: மனைவி அல்லது துணை, பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். அம்மா மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்க, மகன் பேனாவை நீட்டுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அம்மாவிடம் போய்க் குனிந்து கேளுங்கள். அவசரம் என்றால் கையெழுத்துக்காகச் சிகிச்சை நிற்காது. அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 27ஆம் பிரிவே சொல்கிறது.

என் பதினாலு வயது மகள் கிளினிக்கில் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டாள். அங்கே இருந்த நர்ஸ் எங்கள் கோயில்காரர். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

சொல்லியிருந்தால் அவர் தவறு செய்தவர் ஆகியிருப்பார். 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி 12 வயது நிரம்பியவர் கருத்தடை கேட்கலாம், அது ரகசியமாகவே இருக்க வேண்டும். பொதுவான சிகிச்சைக்கும் 12 வயதும் விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவமும் இருந்தால் அவரே சம்மதிக்கலாம். ஆபரேஷனுக்கு மட்டும் பெற்றோரோ பாதுகாவலரோ துணை நிற்க வேண்டும். யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் கதை வேறு: அப்போது நர்ஸ் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

இந்தக் கேள்வி கேட்ட அம்மா என் மேல் இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறார். புரிகிறது. சின்னச் சமூகம் நம்முடையது. வார்டில் பார்த்த முகத்தை அடுத்த வெள்ளிக்கிழமை பிரகாரத்தில் பார்ப்போம். அதனால்தான் நான் கோயிலில் என் பழைய நோயாளிகளிடம் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். பக்கத்தில் நிற்பவர் "ஏன், என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

புரட்டாசியில் விரதம் இருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

வருஷத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஆகஸ்ட் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும்.

இங்கே நம் ஆட்கள் புரட்டாசியை எவ்வளவு கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள் என்பது இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மற்ற நாளில் ஆட்டுக்கறி இல்லாமல் சாப்பிடாதவர்கூட அந்த மாதம் முழுக்கத் தொட மாட்டார். இளம் நர்ஸுகள் செய்கிற தவறு, "விரதம் வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. அந்த ஆன்டி தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் விரதம் இருப்பார், மாத்திரையை மட்டும் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்வார். உங்களிடம் இனிமேல் சொல்லவும் மாட்டார்.

முதலில் என்ன மாதிரி விரதம் என்று கேளுங்கள். கறி மட்டும் இல்லையா? ஒரு வேளைச் சாப்பாடா? சனிக்கிழமை மட்டும் பட்டினியா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

கறி மட்டும் இல்லை என்பவருக்கு ஆபத்து தாழ்சர்க்கரை இல்லை, உயர்சர்க்கரைதான். கோழி போன இடத்துக்கு உருளைக்கிழங்கு வரும். பூரி, சோஜி, பாயசம் எல்லாம் வரும். "மரக்கறிதான் சிஸ்டர் சாப்பிடுறேன், ஏன் சர்க்கரை ஏறுது?" என்பார்கள். பருப்பு, பீன்ஸ், கீரையைக் கூட்டிப் பூரியைக் குறைக்கச் சொல்வேன்.

ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவர் எந்த மாத்திரை எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் தனியாக எடுத்தால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்றவை அப்படி இல்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர் கட்டாயம் முன்கூட்டியே டாக்டரிடம் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுவது வேறு, நிறுத்துவது வேறு: முதல் வகைச் சர்க்கரைக்காரர் அடிப்படை இன்சுலினை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

விரலில் குத்திப் பார்த்தால் விரதம் முறியாது. இதைச் சொல்ல ஐயரையே கூட்டிவந்து ஒரு முறை பேச வைத்தேன். நான் பத்து வருஷம் சொன்னதைவிட அவர் ஒரு நிமிடத்தில் சொன்னது எடுபட்டது. சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் விரதத்தை அங்கேயே முடித்துவிட வேண்டும். மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, அப்புறம் சாப்பாடு. கை நடுக்கம், வியர்வை, எரிச்சல், வார்த்தை குழறல் எல்லாம் அறிகுறி. வீட்டுக்காரர்கள் "பசியில கோபப்படுறாங்க" என்று விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று: இங்கே கணக்கு மில்லிமோல், இந்தியாவில் மில்லிகிராம். இங்கே 7 என்பது அங்கே 126, 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சென்னைச் சித்தி போனில் "நூறுக்கு மேல போகக்கூடாது" என்றாராம், இங்கே ஒருவர் தன் 15ஐப் பார்த்து ஒரு வாரம் நிம்மதியாக இருந்தார். அங்கே அது 270.

காவடி எடுக்கலாமா? தீ மிதிக்கலாமா? சர்க்கரை இருக்கிறது, ஆனால் வேண்டுதல்.

தைப்பூசம் டர்பனில் கோடையின் உச்சத்தில் வரும். பத்து நாள் விரதம், வெறுங்கால், கொதிக்கிற தார், ஈரப்பதம். தண்ணீர் குடிக்காமல் நடப்பதை எந்த முருகனும் கேட்கவில்லை என்று சொல்வேன். அலகு குத்துகிறவர்கள் வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாத மருந்து எடுத்தால் முன்பே சொல்ல வேண்டும். அலகு புதிதாகவும் கிருமி நீக்கியதாகவும் இருக்க வேண்டும்.

கால்தான் பெரிய விஷயம். ஈஸ்டர் விடுமுறையில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும்; அதே நாட்களில் வேறு கோயில்களில் தீமிதி நடக்கும். உணர்ச்சி இருக்கிற கால், கனல் விரலிடுக்கில் ஒட்டினால் உடனே உதறும். சர்க்கரையால் மரத்த கால் உதறாது, சுட்டதே தெரியாது. மூன்றாம் நாள் வேட்டியில் ஈரம் பட்டுத்தான் தெரியவரும். கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை உண்டு, இரண்டு நிமிடம்கூட ஆகாது. கண்ணை மூடச் சொல்லித் தொடுவேன். "இப்ப தொடுறேனா?" என்று கேட்பேன். நான் நாலு இடம் தொட்ட பிறகும் "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டவர் உண்டு. அவரிடம் நான் எதுவும் தடை சொல்லவில்லை. அவரே கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த வருஷம் பால்குடம் எடுத்தார். எல்லாரும் அப்படி இல்லை. "அம்மா பார்த்துப்பா" என்று போனவரும் உண்டு. அவருக்கு மறுநாள் காலை என் வீட்டுக்கே வந்து பாதத்தைக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். வந்தார்.

சுட்டால்: ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். மஞ்சள், வெண்ணெய், டூத்பேஸ்ட் வேண்டாம். ஐஸும் வேண்டாம்.

எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் நோயாளி செய்வதில்லை. தவறு யார் மேல்?

"புரிஞ்சுதா?" என்று கேட்டீர்களா? அப்படியென்றால் உங்கள் மேல்.

நம் தாத்தாக்களின் "ஆமா சிஸ்டர்" என்பதும் ஜூலு கோகோக்களின் (பாட்டிகளின்) "யெபோ சிஸ்டர்" என்பதும் ஒன்றே. அது மரியாதை. புரிந்தது என்ற அர்த்தம் அதில் இல்லை. ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் பேனா கொடுத்து மூன்று மாதம் ஆகியும் சர்க்கரை இறங்கவே இல்லை. அளவைக் கூட்டினார்கள், மறுபடி கூட்டினார்கள். "சொல்பேச்சு கேட்பதில்லை" என்று கோப்பில் எழுதியிருந்தது. நான், "தாத்தா, வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே எனக்குப் போட்டுக் காட்டுங்க, நான் சரியாச் சொல்லிக்கொடுத்தேனான்னு பார்க்கணும்" என்றேன். பெரிய மூடியைக் கழற்றினார், உள்ளே ஊசியின் மேல் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றவில்லை. மூன்று மாதமாக ஒரு துளி உள்ளே போகவில்லை. அன்று கற்றுக்கொடுத்த பிறகு, ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த அளவை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். டாக்டரைக் கூப்பிட்டு அளவைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டுத்தான் அனுப்பினேன்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்தும்) நேரத்தில் இன்சுலின் கெட்டுப்போகுமா?

இரண்டு, நாலு மணி நேரத்தில் கெடாது. ஃபிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். பிரிக்காதது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பது வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பொதுவாக நாலு வாரம் தாங்கும், பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். ஃபிரீசரில் வைத்து உறைந்ததைத் தூக்கிப் போடுங்கள்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், ஜூலு மருந்து எல்லாம் எடுக்கிறேன். நர்ஸிடம் சொன்னால் திட்டுவாரே?

திட்டினால் வேறு நர்ஸிடம் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். பாகற்காயும் வெந்தயமும் மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அதிகம் இறக்கலாம். வார்ஃபரின் எடுப்பவர் கீரையை விட வேண்டாம். வாரம்தோறும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டுப் புரட்டாசியில் தினமும் முருங்கைக்கீரை என்றால் ரத்தப் பரிசோதனை எண் ஆடும்.

ஆபரேஷனுக்கு முன் தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள்.

ஆபரேஷன் எங்கே என்பதைப் பொறுத்தது. பல சமயம் டேப் போட்டு மூடினால் போதும். மின்கருவி உலோகத்தில் பட்டுச் சுடாமல் இருக்கத்தான் கேட்கிறார்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் மஞ்சள் கயிறு ஒன்றை மாற்றிக் கட்ட நேரம் கொடுங்கள். ஐந்து நிமிடம்.

டயாலிசிஸ் கிடையாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். இது நியாயமா?

டர்பனில் இந்தக் கேள்விக்கு ஒரு வழக்கே உண்டு. 41 வயதான ஒருவர். சர்க்கரை, இதய நோய், பக்கவாதம், சிறுநீரகம் செயலிழப்பு. தனியாரில் பணம் தீர்ந்து, அடிங்டன் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கேட்டார். அங்கே இருந்தது 20 இயந்திரம், சில நல்ல நிலையில் இல்லாதவை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவருக்கே முன்னுரிமை என்பது விதி. இதய நோயால் அவர் தகுதி பெறவில்லை. சுப்ரமணி வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள். 1997 நவம்பர் 27இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: தொடர் டயாலிசிஸ் அவசரச் சிகிச்சை என்பதில் அடங்காது, இருக்கும் வசதியை நேர்மையான விதிப்படி பங்கிட்டதில் குறையில்லை. தீர்ப்புக்குப் பிறகு அவர் நெடுநாள் இருக்கவில்லை.

தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்தச் செய்தியை நோயாளியிடம் கொண்டுபோகிறவர் பெரும்பாலும் நர்ஸ். நான் கற்றுக்கொண்டது, "இடமில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பதுதான். ஏன் என்று விதியைச் சொல்ல வேண்டும், மேல்முறையீடு உண்டா என்று சொல்ல வேண்டும், மூச்சுத் திணறலுக்கும் அரிப்புக்கும் என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். நியாயமா என்று என்னைக் கேட்டால், விதி நியாயம், 20 இயந்திரம் நியாயமில்லை.

டாக்டர் எழுதிய மருந்து தவறு என்று தெரிகிறது. கொடுத்தால் பொறுப்பு அவருக்குத்தானே?

உங்களுக்கும்தான். நர்ஸிங் கவுன்சில் விதிகளில் செய்த தவறு மட்டும் இல்லை, செய்யாமல் விட்டதும் குற்றம். கலக்காத பொட்டாசியத்தை நேரே ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும், யார் எழுதியிருந்தாலும் கொடுக்கக் கூடாது. கேளுங்கள், மறுங்கள், எழுதி வையுங்கள்.

என் தவறையும் சொல்கிறேன். ஒரே அறையில் இரண்டு மிசஸ் கோவெண்டர். கவுண்டர் என்பது இங்கே இப்படி ஆகிவிட்டது. எந்த வார்டிலும் ரெண்டு பேராவது இருப்பார்கள். இரவு மூன்று மணி. "மிசஸ் கோவெண்டர்?" என்றேன், "ஆமா" என்றார், பிரஷர் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். மற்றவருடையது. கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் யாரிடமும் சொல்லாமல் மருந்து அறையில் நின்றேன்; அந்த ஐந்து நிமிடத்தைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை. அப்புறம் டாக்டரிடம் சொன்னேன், அறிக்கை எழுதினேன், விடியும் வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிரஷர் பார்த்தேன். காலையில் அந்த அம்மாவிடமே போய்ச் சொன்னேன். "அதான் ராத்திரி பூரா என் கையை விடலையா?" என்றார்.

வார்டில் எடுத்த படத்தை வாட்ஸப்பில் போடலாமா? முகம் தெரியாது.

கூடாது. பின்னால் இருக்கும் கட்டில் எண்ணே போதும்.

கிளினிக்குக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

வீட்டில் இருக்கிற மருந்து எல்லாவற்றையும். முடிந்துபோன பெட்டியையும், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததையும். ஒரு தாத்தா இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா நிறைய கொண்டு வந்தார். அவருக்கு மாதக்கணக்கில் கணுக்கால் வீக்கம். இதயமா, சிறுநீரகமா என்று சோதனை மேல் சோதனை. டப்பாவை மேசையில் கவிழ்த்துப் பெயர் பெயராக அடுக்கினோம். அரசு கிளினிக் கொடுத்தது, தனியார் டாக்டர் எழுதியது, மகள் கேப் டவுனிலிருந்து அனுப்பியது. மூன்று பெட்டி, மூன்று நிறம், மூன்று பெயர். உள்ளே மூன்றிலும் ஒரே அம்லோடிபின், கணுக்காலை வீங்க வைக்கக்கூடிய பிரஷர் மாத்திரை.